வேலந்தாவளத்திலிருந்து மலைக்கு: ஒரு பிரயாணத் திட்டம்

பிரயாணம் போய்த் திரும்பியவர்கள் கட்டுரை எழுதுவது நம் பத்திரிகையில் வழக்கம். இன்னும் புறப்படாத ஒருவன் எழுதுவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். என் பிரயாணம் மூன்றே நாட்களுக்குரியது. அதற்குத் திட்டம் போட எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. எழுதத் தக்கது ஏதேனும் இருந்தால் அந்த ஏழு மாதங்களில்தான் இருக்கிறது.

வேலந்தாவளத்தை அறியாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் சிற்றூர் இது. கோயமுத்தூரிலிருந்து வருபவர்களுக்குக் கேரளம் தொடங்குமிடம். எங்களுக்கோ, தொடங்குவதும் முடிவதும் ஒரே கடைத்தெருவில். காய்கறிச் சந்தை ஊரின் உயிர். விடியுமுன் லாரிகள் வந்து நின்றுவிடும். பேரம் தமிழில் நடக்கும், சீட்டு மலையாளத்தில் எழுதப்படும். சித்தூர் தாலுகா முன்னாளில் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பக்கத்துப் பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. பேச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கேரளம் என்றதும் வெளியூர் உறவினர்கள் குளிர்ந்த தோப்பையும் ஓயாத மழையையும் நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் எங்கள் ஊருக்குச் சித்திரை மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். கிணறுகள் அடி தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று புழுதியை வாரிக் கண்ணில் போடும். தென்னை நிற்கிறது என்றால் அது ஆழ்குழாய்க் கிணற்றின் தயவு. மூலத்தறை வலதுகரைக் கால்வாயை வேலந்தாவளம் வரையில் நீட்ட வேண்டும் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை கழிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பாலைவனம் பார்க்க லடாக்குக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை பிறந்தது. ரெயில்வே ஆபீஸில் என்னோடு குமாஸ்தாவாக இருக்கும் இரு நண்பர்கள்தாம் காரணம். டிபன் நேரத்தில் ஒரு தேசப் படத்தை விரித்து, மணாலியிலிருந்து லே வரை விரலாலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் இந்த விளையாட்டு நடந்தது. வீண் போகவில்லை, ஒரு நெடும் பிரயாணத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதை அதிலிருந்துதான் கற்றேன்.

வண்டியை ரெயிலிலேயே அனுப்பிவிடலாம் என்பது எங்கள் முதல் யோசனை. பார்சல் ஆபீஸ் விவகாரம் எங்களுக்குப் புதிதன்று. பெட்ரோல் டாங்கைச் சொட்டில்லாமல் காலி செய்ய வேண்டும். விளக்கு, கைப்பிடி, டாங்கு ஆகியவற்றை வைக்கோலும் கோணியும் சுற்றித் தைக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தின் நகலும் அடையாளச் சீட்டின் நகலும் கொடுக்க வேண்டும். வண்டியின் மதிப்பை எழுதிக் காட்ட வேண்டும். கோணியின் மேலும் அட்டையிலும் சேருமிடத்தைப் பெரிய எழுத்தில் எழுதாமல், ‘நாம்தான் கூடவே போகிறோமே’ என்றிருந்த ஒருவரின் வண்டி வேறு ஸ்டேஷனில் இறங்கிய கதை எங்கள் ஆபீஸில் பிரசித்தம்.

அதற்கு அப்பால் உள்ளவற்றைப் புத்தகங்களிலும் போய் வந்தவர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டோம். ரோதாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டபின் வழியின் முதற் பகுதி எளிதாகிவிட்டது. ஆனால் தாண்டி என்னும் இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டால், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அங்கே பலகையே வைத்திருந்தார்களாம். தங்லாங் லா என்ற கணவாய் 5,328 மீட்டர் உயரம். நம் ஆனைமுடி 2,695 மீட்டர். ஏறக்குறைய அதன் இருமடங்கு. அங்கே மூச்சுத் திணறும். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; விமானத்தில் போய் இறங்குபவர்கள் இரண்டு நாள் சும்மா படுத்திருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வெளி மாநிலத்து முன்பணத் தொலைபேசி இணைப்புகள் அங்கே பேசா. இவ்வளவையும் எழுதி, செலவும் கணக்கிட்டு, லீவுக்கு மனு எழுதும் கட்டத்துக்கு வந்திருந்தோம்.

அன்றிரவு சாப்பிடும்போது என் தகப்பனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வயது அறுபத்தெட்டு நடக்கிறது. சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், “அவ்வளவு தூரம் வண்டி போகுமா தம்பி?” என்றார். “போகும் அப்பா” என்றேன். “அப்படின்னா என்னையும் ஒருதரம் எஸ்டேட் வரைக்கும் கூட்டிட்டுப் போயிரு. அம்மாவைப் பார்த்துட்டு வந்துரலாம்” என்றார்.

அவர் அம்மா, அதாவது என் பாட்டி, இறந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.

இங்கே எங்கள் குடும்பக் கதையைச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நேயர்களில் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகவே இருக்கும். பாட்டனார் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியின் பின்னே போனவர். என் தகப்பனார் அங்கே லயத்தில் பிறந்தார். 1969-ஆம் ஆண்டு, மகாசிவராத்திரிக்கு மறுநாள், பாட்டி காய்ச்சலில் இறந்தார். கடைசி இரண்டு நாட்கள் இளநீர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஐயாயிரம், ஆறாயிரம் அடி உயரத்தில் தென்னைக்கு எங்கே போவது? பாட்டனார் கீழே ஆள் அனுப்பினார். இளநீர் வந்து சேர்ந்தபோது தேவை இல்லாமற் போயிற்று. தேயிலைக் காட்டை ஒட்டிய சரிவில் அடக்கம் செய்தார்கள். பத்தாண்டு கழித்துப் பாட்டனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வேலை உள்ள வரைக்குந்தான் லயம் என்பது தோட்டத்து நியதி. சாமான்களைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். தூரத்து உறவு ஒன்றைப் பிடித்து வேலந்தாவளம் வந்து, சந்தையில் எடை போடும் வேலையில் தகப்பனார் அமர்ந்தார். பிறகு ஒருமுறையும் அவர் மலைக்குப் போனதில்லை. ஏன் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். “போனா யார் வீட்டுல இறங்குறது?” என்பார். சொந்த ஊர் என்று ஒன்று இருந்து, அதில் கால் வைக்கத் திண்ணை இல்லாதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும்.

லடாக் தேசப் படத்தை மடித்து வைத்தேன். நண்பர்கள் சிறிது வருந்தினார்கள், பிறகு அவர்களில் ஒருவர், பார்சல் ஆபீஸைச் சேர்ந்தவர், “பாலைவனமும் பனிமலையும்தானே வேண்டும்? உடுமலைப்பேட்டை வழியாகப் போ, ஏறக்குறைய இரண்டும் உண்டு” என்றார். வேடிக்கையாகச் சொன்ன சொல் முற்றும் உண்மையாயிற்று.

தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலைத் தொடரின் மேற்கு முகத்தில் மோதி, சுமந்து வந்த நீரையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. மூணாற்றைச் சுற்றிய முகடுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று வறண்டுவிடுகிறது. மூணாற்றிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தில் ஆண்டு முழுவதற்கும் 500 மில்லிமீட்டர் அளவே மழை. அதுவும் ஏறக்குறைய ஐம்பது நாட்களில் தீர்ந்துவிடும். அங்கே உள்ளவை கள்ளியும் முட்புதரும் உடைமரமும். பாறைச் சந்தில் நட்சத்திர ஆமை. ஆற்றோர மரங்களில் நரையணில். 1984-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த 90 சதுரக் கிலோமீட்டரைப் பாலைவனம் என்று பூகோள ஆசிரியர்கள் ஒப்பமாட்டார்கள். பங்குனி மாதத்து நடுப்பகலில் அங்கே நின்றால் ஆசிரியர்களும் வாதாடமாட்டார்கள்.

வழியைக் குறித்தேன். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி: சுமார் 35 கிலோமீட்டர். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு ஒரு முப்பது. அங்கிருந்து அமராவதிப் பக்கமாகக் காட்டுக்குள் நுழைந்து, ஒன்பதாறு சோதனைச் சாவடி, சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்றுக்கு எண்பத்தைந்து. ஆக மொத்தம் நூற்றைம்பது. போக வர, ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் நானூறு ஆகாது. என் பழைய புல்லட் லிட்டருக்கு முப்பத்தைந்து தருகிறது. டாங்கு நிரம்பினால் வழியில் பெட்ரோலைப் பற்றிய கவலையே இல்லை. லடாக்குக்காக வாங்கி வைத்த பெட்ரோல் கேனை மனைவி மண்ணெண்ணெய்க்கு எடுத்துக்கொண்டாள்.

ஆனால் தூரம் குறைந்தால் சிக்கலும் குறையும் என்று நினைத்தது தவறு. லடாக்குக்குப் போவதாயிருந்தால் என் உடம்பு ஒன்றுதான் கணக்கு. இங்கே பின்னால் அமரப் போகிறவர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிற, இடது முழங்கால் முழுதும் மடங்காத, அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். பஸ்ஸில் போகலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாற்றுக்குப் பஸ் உண்டு. அவருக்கு பஸ்ஸில் வாளையாறு தாண்டுவதற்குள்ளேயே குமட்டும். மலை வளைவுகளில் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கார் வைத்துக்கொள்ளலாம் என்றும் பார்த்தேன். கண்ணாடி மூடிய வண்டியிலும் அதே கதை. மோட்டார் சைக்கிளில் மட்டும் எத்தனை தூரம் ஆனாலும் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. முகத்தில் காற்று அடிக்க வேண்டும் என்கிறார்.

என் தமக்கைக்கு இது தெரிந்தபோது வீட்டில் பெரிய ரகளை ஆயிற்று. “அப்பாவை பைக்கிலே உட்கார வச்சு மலைக்கா? உனக்குப் புத்தி இருக்கா?” என்று திருப்பூரிலிருந்து தொலைபேசியிலேயே சத்தம் போட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். சோதித்துப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது. மாத்திரை நேரம் தவறக் கூடாது. குளிர் படக் கூடாது. மார்பு கனத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கீழே இறங்கிவிட வேண்டும் என்று நான்கு நிபந்தனைகளோடு சம்மதம் தந்தார். அந்தச் சீட்டைப் படம் எடுத்துத் தமக்கைக்கு அனுப்பினேன். அவள் ஐந்தாவது நிபந்தனை ஒன்று சேர்த்தாள்: நான் முதலில் தனியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நல்ல யோசனை. புதிய பாதையில் முதலில் வெறும் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதுதானே எங்கள் இலாகாவின் வழக்கமும். சென்ற தை மாதம் பொங்கல் கழிந்த சனிக்கிழமை வெள்ளோட்டம் புறப்பட்டேன். வெறும் வண்டியில் போனால் பாரம் தெரியாது. ஆகவே மேற்சொன்ன பார்சல் ஆபீஸ் நண்பர் பின்னால் அமர்ந்தார். தகப்பனாரின் எடை 54 கிலோ, நண்பருடையது 72. அதிகப்படி 18 கிலோவுக்குக் கட்டணம் தர வேண்டும் என்றேன். காலை ஆகாரச் செலவை அவரே ஏற்றார். வழியெல்லாம் எங்கே இடுப்பு வலித்தது, எங்கே கால் மரத்தது என்று அவர் சொல்லச் சொல்ல, நிறுத்தங்களில் குறித்துக்கொண்டேன். இத்தகைய நண்பர் எல்லாருக்கும் வாய்க்கமாட்டார்.

காட்டுக்குள் ஏழு மணிக்கு நுழைந்தோம். அந்தச் சாலையில் இருட்டியபின் இரு சக்கர வண்டிகளுக்கு வேலையில்லை. யானைகளின் நேரம் அது. பகலிலும் ஒலிப்பான் அடிக்காமல், இறங்கிப் படம் பிடிக்காமல், சீராகப் போக வேண்டும். யானை சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், அது தன் காரியத்தை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்கு யானை தென்படவில்லை. சாலையின் நடுவில் ஆவி பறக்கும் சாணம் மட்டும் தென்பட்டது. நண்பர் என் தோளைப் பிடித்த பிடியில் அவர் எடை 72-க்கும் கூடுதல் என்று தோன்றிற்று. எல்லை பார்க்காமல் திரிந்த யானை ஒன்று எங்கள் மலைநாட்டில் பெயர் பெற்றது. சின்னக்கானல் பகுதியிலிருந்து 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருவுக்குள் வந்து நின்றது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறையார் அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த காட்டை விட்டு அனுப்பப்பட்டவன் அவனும்.

சின்னாற்றில் தேநீர் அருந்தினோம். வலப்புறமும் இடப்புறமும் காய்ந்த புதர். கீழே பாம்பாறு மட்டும் பச்சைக் கோடு. மேற்குத் தொடரில் பிறந்தும் கிழக்கே ஓடுகிற ஆறு அது. அதன் நீர்தான் 1957-ஆம் ஆண்டு கட்டி முடிந்த அமராவதி அணைக்குச் சேர்கிறது. மறையூர் நெருங்க நெருங்கக் காற்றில் கருப்பஞ்சாறு காய்ச்சும் வாசனை. மறையூர் வெல்லத்துக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உருண்டை பிடித்த வெல்லம், கொட்டகை வாசலிலேயே விற்கிறார்கள். இங்கேதான் கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள் இயற்கையாக வளர்ந்து நிற்கின்றன. பாறைகளின் மேல் முன்னோர் எழுப்பிய கற்பதுக்கைகளை முனியறை என்கிறார்கள். மறையூர், காந்தலூர் முதலிய அஞ்சுநாட்டுக் கிராமத்தார் தமிழ் பேசுபவர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த முன்னோரின் வழியினர் தாங்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. தகப்பனாரை இவ்விடத்தில் ஓர் இரவு தங்கவைப்பது என்று அங்கேயே தீர்மானித்தேன். மறையூர் சுமார் 3,000 அடி உயரம்; குளிர் மிதம். ஒரே மூச்சில் மூணாற்றுக்கு ஏற்றுவதைவிட இது உடம்புக்கு நல்லது. லே நகரத்தில் இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்ன புத்தகம் இங்கே உதவிற்று.

மறையூருக்கு மேல் நாற்பது கிலோமீட்டரில் உலகமே மாறுகிறது. சந்தனக் காடு போய்த் தேயிலை வருகிறது. வியர்வை போய் நடுக்கம் வருகிறது. தை மாதத்து விடியலில் அங்கே புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. பகல் பதினொரு மணிக்கே எனக்கு விரல்கள் மரத்தன. கையுறை இரண்டு ஜோடி என்று எழுதிக்கொண்டேன்.

மூணாற்றில் ரெயில்வே குமாஸ்தாவுக்கு ஒரு கடமை உண்டு. இவ்வூருக்கு ஒரு காலத்தில் ரெயில் இருந்தது என்பதை மாடு கட்டிய டூரிஸ்டு கடைக்காரர்களே மறந்துவிட்டார்கள். 1902-ஆம் ஆண்டு குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேலும், பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துச் சாலையிலுமாக உருள, மாடுகள் இழுத்துச் சென்றன. 1908-இல் அதை மாற்றிக் குறுகிய இருப்புப்பாதை அமைத்து நீராவி இன்ஜின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி டாப் ஸ்டேஷனுக்குப் போகும், அங்கிருந்து கம்பிப் பாதையில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு போடிநாயக்கனூர். 1924-ஆம் ஆண்டு பெருவெள்ளம் பாலத்தையும் பாதையையும் வாரிக்கொண்டு போயிற்று. பிறகு போடவே இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும், ஸ்டேஷன் இல்லாமல், மிஞ்சி நிற்கிறது. கீழே போடிநாயக்கனூருக்கோ, பன்னிரண்டு ஆண்டுகள் நின்றிருந்த ரெயில் 2023-ஆம் ஆண்டு ஜூனில் அகலப் பாதையில் திரும்பவும் வந்துவிட்டது. இதை அங்கே தேநீர் கொடுத்த இளைஞரிடம் விளக்கினேன். “அப்படியா சேட்டா” என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

பிற்பகலில் எஸ்டேட்டுக்குப் போனோம். தோட்டத்துச் சாலைகள் தனியார் சாலைகள். கேட்காமல் நுழைவது முறையன்று. ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும், பெயரை எழுதிக்கொண்டு அனுமதித்தார்கள். வழி காட்ட ஒருவரையும் அனுப்பினார்கள்.

தகப்பனார் ஒரு காகிதத்தில் படம் வரைந்து தந்திருந்தார். லயம், அதன் முன்னே தண்ணீர்க் குழாய், மாரியம்மன் கோயில், கோயிலின் பின்னே ஏறும் ஒற்றையடிப் பாதை, பாதையில் பெரிய பாறை, பாறைக்கு மேலே இரண்டாவது சவுக்கு மரம், அதன் அடியில் அம்மா. கோயில் இருந்தது, இப்பொழுது சிமெண்டும் வர்ணமும் கண்டு அழகாக இருந்தது. லயம் இல்லை, அவ்விடத்தில் மரம் நட்டிருந்தார்கள். பாறை இருந்தது. பாறைக்கு மேலே சரிவு என்றைக்கோ ஒரு மழையில் இறங்கி, மண் மூடி, அதன் மேல் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தது. சவுக்கு ஒன்றும் காணோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். “பழைய சுடுகாடு அதுதான் ராசா. எங்க மாமியாரும் அதுலதான் கெடக்காங்க. எந்த இடம்னு இப்ப யாராலயும் சொல்ல ஏலாது” என்றார்.

நான் அந்தப் பாறையின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர்மலையின் பக்கம் ராஜமலை. அதற்கு அப்பால்தான் பெட்டிமுடி. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களை மூடியதில் எழுபது பேர் மாண்டார்கள். எல்லாரும் நம் மக்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தும் அதில் ஒரு சதுர அடி தமக்கென்று இல்லாதவர்கள், கடைசியில் அதற்குள்ளேயே தங்கிப் போனார்கள். இதை எழுதும்போது என் கை சிறிது நிற்கிறது, மேலே செல்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரே யோசனை. தகப்பனாரிடம் இதைச் சொல்வதா, சொல்லாமல் அழைத்துச் செல்வதா? நண்பர், சொல்ல வேண்டாம் என்றார். ஏதேனும் ஓர் இடத்தைக் காட்டி இதுதான் என்றால் பெரியவர் நம்பிவிடுவார், மனமும் ஆறும் என்பது அவர் கட்சி. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. ஐம்பத்தாறு ஆண்டு மனத்தில் அந்தப் படத்தை வைத்திருந்தவரை ஏமாற்றுவது கள்ளக் கணக்கு எழுதுவது போலாகும். அதோடு, அவரை நம்ப வைக்கவும் முடியாது. அவர் சந்தையில் முப்பது வருஷம் எடை பார்த்தவர்.

ஞாயிறு இரவு வீடு சேர்ந்ததும் உள்ளது உள்ளபடி சொன்னேன். மாமியாரைப் பற்றிச் சொன்ன பெரியம்மாவின் வார்த்தையையும் சொன்னேன். தகப்பனார் தாம் வரைந்த காகிதத்தை வாங்கி, மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிரயாணம் இல்லை என்றே நினைத்தேன். பிறகு, “பாறை இருக்குன்னு சொன்னியே?” என்றார். “இருக்கிறது அப்பா.” “அதுல ஏற என் காலால முடியுமா?” என்று கேட்டார். நண்பர் அந்த ஏற்றத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம் என் குறிப்பில் இருந்தது: பன்னிரண்டு நிமிஷம், இரண்டு இடத்தில் நின்று. தகப்பனாருக்கு அரைமணி வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அதன்பின் வேலைகள் மளமளவென்று நடந்தன. பின்னிருக்கைக்கு முதுகு சாயும் கம்பியும், மடங்காத காலுக்காக இடப்பக்கம் நீட்டிய பலகை மிதியும் கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் செய்து வாங்கினேன். இரண்டு பேருக்கும் ஹெல்மெட்; பின்னால் இருப்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம். தகப்பனார் அதை அணிந்து முற்றத்தில் உட்கார்ந்து பழகுகிறார்; சந்தைக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிரேக் கட்டை, கிளட்ச் கம்பி, பின் சக்கர டயர் மூன்றும் புதிது. ஏற்றத்தைவிட இறக்கந்தான் அபாயம். பிரேக்கை நம்பாமல் தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று ஒர்க்ஷாப்காரர் என்னைக் குழந்தையைப் போல நடத்திச் சொன்னார். காட்டுக்குள் தொலைபேசி எடுக்காது. ஆகவே முக்கிய எண்களைக் காகிதத்தில் எழுதி இருவர் சட்டைப் பையிலும் ஒவ்வொன்று.

மகாசிவராத்திரிக்கு மறுநாள் எஸ்டேட்டில் இருக்கும்படி நாள் குறித்திருக்கிறோம். அப்பொழுது வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் ராஜமலையில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். நாங்கள் வரையாடு பார்க்கப் போகவில்லை. உறைபனியும் அதற்குள் ஓய்ந்துவிடும். காலை ஐந்தரைக்குப் புறப்பாடு, ஏழுக்கு உடுமலைப்பேட்டையில் இட்லியும் மாத்திரையும், வெயில் ஏறுமுன் சின்னாறு, பதினொன்றுக்கு மறையூர், அன்றிரவு அங்கே. மறுநாள் மலை. அதற்கடுத்த நாள் இதே வழியாகத் திரும்புதல். இருட்டுமுன் காட்டை விட்டு வெளியே. லயம் இல்லாவிட்டால் என்ன, அந்தப் பெரியம்மா, “அப்பாவைக் கூட்டிட்டு வா ராசா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இதைக் கேட்டதும் தகப்பனார் தமக்கையிடம் தொலைபேசியில், “இறங்குறதுக்கு ஒரு வீடு கெடச்சிருச்சு” என்று சொன்னார். அவள் அதன்பின் நிபந்தனை எதுவும் போடவில்லை.

எல்லாம் ஆயிற்று. இளநீர் ஒன்றுதான் பாக்கி. எங்கள் தோட்டத்துத் தென்னையிலிருந்து நான்கு காய் கொண்டுபோக வேண்டும் என்கிறார் தகப்பனார். இரண்டு பாறைக்கு, இரண்டு அந்தப் பெரியம்மாவுக்கும் அவர் மாமியாருக்கும். நான்கு காயின் எடை ஏழு கிலோவுக்குக் குறையாது. வண்டியில் அதை எந்தப் பக்கம் கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரு பக்கம் சைலன்ஸர் சூடு, மறு பக்கம் அப்பாவின் கால். நண்பர் நாளை கோணியும் சணலும் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார்.